பதினொன்றரை மணிக்குக் கிளம்பாதீர்கள்: சிங்கப்பூர் வார இறுதி உலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் எங்கே போவதென்றாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த நினைப்பே நம்மைத் தாமதமாகக் கிளம்ப வைக்கிறது. சனிக்கிழமை காலை சமையலை முடித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொண்டு அடுக்குமாடி புளோக்கை விட்டு இறங்கும்போது மணி பதினொன்றரை. பெரிய தவறு இதுதான். மற்ற பல தொல்லைகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இந்த ஊர்க் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மலேசியாவோடு சேர்ந்து 1982 புத்தாண்டு முதல் ஏற்கெனவே முன்னால் இருந்த நேரத்தை இன்னும் அரை மணி முன்தள்ளி வைத்தார்கள். அதனால் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. உச்சிவெயில் பகல் ஒரு மணிவாக்கில் வருகிறது. பதினொன்றரைக்கு இறங்கினால் பூங்காவில் கால் வைக்கும்போது சூரியன் நேரே தலைக்கு மேல். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, உடம்பு தணியாது. அப்புறம் பல நாள்களில் பிற்பகலில் இடியும் மழையும் வரும். காலை ஏழரை முதல் பத்தரை வரை, அல்லது மாலை ஐந்துக்கு மேல். இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சமையலை முந்தின இரவே முடித்துவிடலாம், அல்லது லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, தூரத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது. ஊரிலிருந்து என் பெற்றோர் வந்திருந்தபோது மெக்ரிட்சி காட்டிலுள்ள தொங்குபாலத்துக்கு அழைத்துப் போனேன். பாலத்தின் நீளம் 250 மீட்டர் என்று படித்திருந்தேன்; அம்மாவால் நடக்க முடியும் என்று நினைத்தேன். ஆனால் நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து அந்தப் பாலத்துக்குப் போய்த் திரும்ப, எடுக்கும் பாதையைப் பொறுத்து 7 முதல் 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாலம் ஒருவழிப்பாதை; ஏறிவிட்டால் வந்த வழியே திரும்ப முடியாது. பாலத்துக்கு அப்பால் படிக்கட்டுகள் வேறு. அம்மா ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில், மிகக் குறைவாக நடக்கக்கூடியவர் யாரோ அவரை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். திங்கட்கிழமை வரும் உறவினருக்குச் சொல்லிவையுங்கள்: பொது விடுமுறையாக இல்லாவிட்டால் அன்று பாலம் மூடியிருக்கும்.

முதியவர்களுக்கு பூமலை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா, நல்லது. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான இடம், அதிகாலை ஐந்து முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். ஆனால் இங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு. பொட்டானிக் கார்டன்ஸ் என்று பெயர் வைத்த எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கினால் தோட்டத்தின் வடக்கு முனையில் நிற்பீர்கள். அன்னக் குளம் தெற்கு முனையில். குளத்தைப் பார்க்க வேண்டுமானால் நேப்பியர் நிலையத்தில் இறங்குங்கள். ரயிலிலேயே முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம், தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம்.

குரங்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மூர்க் கோயில் மலைகளில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். காரணமும் நியாயமானதுதான். மனிதர் கையால் தின்று பழகிய குரங்கு காட்டை விட்டு சாலைக்கு வருகிறது, வண்டியில் அடிபடுகிறது, வீடுகளுக்குள் நுழைகிறது. பிளாஸ்டிக் பையைக் கண்டாலே உள்ளே சாப்பாடு என்று அதற்குத் தெரியும். சாப்பாட்டை ஜிப் வைத்த முதுகுப்பையில் வையுங்கள். பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள், போட்டி போட வேண்டாம். கண்ணுக்குக் கண் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிப்பதை அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

புலாவ் ஊபின் தீவுக்குப் போகிறவர்கள் கடல் வற்றும் நேரத்தைப் பார்க்காமலே கிளம்புகிறார்கள். அங்குள்ள செக் ஜாவா ஈரநிலத்தில் நட்சத்திரமீனும் நண்டும் தெரிய வேண்டுமானால் நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் கடல்தான். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டும்வரை தீவில் தங்கிவிடாதீர்கள், திரும்பப் படகு கிடைக்காமல் போகலாம்.

இடி இடித்தால் மரத்தடிக்கு ஓடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. குடை இருக்கிறதே என்று திடலில் நடப்பதும் அப்படித்தான். கட்டடத்துக்குள் போங்கள், அல்லது காரில் உட்காருங்கள். மின்னல் எங்கே விழுகிறது என்பதைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலி காட்டும்.

போன முறை அம்மா வந்தபோது எட்டு மணிக்கெல்லாம் அன்னக் குளத்துக் கரையில் இருந்தோம். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்த சனிக்கிழமை எங்கே என்று அம்மாதான் முதலில் கேட்டார்.