கொழும்பின் கடலோரக் காலிமுகத்திடல் நடைக்குப் போகிறீர்களா?

வழிகாட்டியோடு கூட்டமாக நடக்கும்போது பாதிக் கதை காற்றோடு போய்விடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும். கொள்ளுப்பிட்டிப் பக்கம், 1864இல் தொடங்கிய காலிமுக ஹோட்டலடியிலிருந்து வடக்கே கோட்டைப் பக்கமாக நடந்தால் காற்று முதுகில் தள்ளும், நடை சுகம். ஆனால் முன்னால் போகிறவரின் குரலையும் அதே காற்று முன்னுக்கே கொண்டுபோய்விடும், பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேளாது. அதனால் அவர் நின்று பேசத் தொடங்கியதும் அவரைத் தாண்டி நாலடி போய், திரும்பி நில்லுங்கள். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் இந்த நடைபாதையை அமைத்த கதை, 1930இல் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் கதை எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

பின்னேரம் நாலரைக்குத் தொடங்குவது நல்லது. மத்தியான வெயிலுக்கு அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. தொப்பியை விடக் கழுத்துத் துண்டு உதவும், தொப்பி பறந்துவிடும் (என்னுடையது கடலுக்கே போனது). அலைத்தூறல் படும் இடத்தில் கைபேசியைப் பையில் வையுங்கள். இறால் வடையை நடை முடிந்த பிறகு வாங்குங்கள். எண்ணெய்க் கையோடு படம் எடுக்க முடியாது, காகங்களும் விடாது.