கச்சான் போத்தலில் தொடங்குங்கள்

கல்லீரலுக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்பவர்களிடம், வீட்டிலுள்ள கச்சானை முதலில் கொட்டிப் பாருங்கள் என்பேன். என் தம்பிக்கு ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கிவிட்டது. அதோடு பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் நஞ்சும் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்கு கூடும். திருகோணமலையில் மாரி மழை பிடித்தால் சுவரே ஈரம் கசியும். கச்சான், செத்தல் மிளகாய், கொப்பரா எல்லாம் பூஞ்சணம் பிடிப்பது அப்போதுதான்.

கச்சானைக் கோதோடு வாங்குங்கள். உடைத்துச் சுளகில் பரப்பி, வெளிச்சத்தில் வைத்து நல்லதைத் தெரிந்தெடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சையாகத் தூள் படிந்தது, கசப்பது எதையும் வைத்திருக்க வேண்டாம். கோழிக்கும் போட வேண்டாம். வறுத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அடுப்புச் சூட்டில் இந்த நஞ்சு முழுதாக அழியாது. நல்லதை வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகே போத்தலில் இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து மறுபடியும் ஈரமாகும்.

அடுத்தது இலைக்கறி. சீனாவின் சீதோங் பகுதியில் 180 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2001இல் வெளியானது. இலைப்பச்சையத்திலிருந்து தயாரிக்கும் குளோரோபிலினை நான்கு மாதம் உட்கொண்டவர்களின் சிறுநீரில், அஃப்ளாடொக்சின் மரபணுவைத் தாக்கியதன் அடையாளம் 55 சதவீதம் குறைவாக இருந்தது. வல்லாரைச் சம்பல் அதே அளவு வேலை செய்யும் என்று இதை வைத்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் எங்கள் வீட்டில் வல்லாரையோ முருங்கையிலையோ இல்லாமல் மதியச் சோறு இல்லை.

கோவாவை அரிந்த கையோடு சட்டியில் போடாதீர்கள். அரியும்போதுதான் அதிலுள்ள நொதி வேலை தொடங்கி, ஆய்வாளர்கள் புற்றுநோய்த் தடுப்புக்காக ஆராயும் ஐசோதயோசயனேட்டுகளை உண்டாக்குகிறது. சூடு நொதியைக் கெடுத்துவிடும். அரை மணி நேரம் விட்டு மெல்லிய தீயில் வறை செய்யுங்கள். இறக்கியபின் வறுக்காத கடுகை இடித்துத் தூவினால் அந்த நொதி திரும்பக் கிடைக்கும்.

கோப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சீனியைக் குறைத்துக் குடியுங்கள்.

மஞ்சளைக் கறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செறிவூட்டிய மஞ்சள் குளிசையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. தம்பிக்கும் ஒருவர் விற்கப் பார்த்தார், நான் விடவில்லை. ஏற்கெனவே அப்படி ஏதாவது குடித்து வந்தால், அடுத்த கிளினிக்குக்கு அந்தப் போத்தலையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். சாராயத்தை விடுங்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர் வீட்டில் மற்றவர்கள் இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.