பல் இம்பிளான்ட்: டர்பனில் டாக்டரைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

கீழ்க் கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகைப் பதித்து, அதன் மேல் மாட்டும் செயற்கைப் பல்) வைக்க ஆள் தேடியே நாட்கள் ஓடின. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் விசாரித்தால் ஆளுக்கொரு விலை, எல்லாரும் ‘இம்பிளான்ட் நிபுணர்’தான்.

கடைசியில் கைகொடுத்தது, டாக்டர்களைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்கக் கவுன்சிலான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வின் ஐ-ரெஜிஸ்டர் என்ற இணையப் பதிவேடு. பெயரைத் தட்டினால் பதிவு நடப்பில் உள்ளதா, எந்தத் துறை என்று காட்டிவிடும். பலர் கவனிக்காதது இதுதான்: தென்னாப்பிரிக்காவில் இம்பிளான்ட்டுக்கென்று தனி நிபுணர் பதிவே கிடையாது. ஈறு, செயற்கைப் பல், தாடை அறுவை இவற்றுக்கு உண்டு.

அப்படிப் பதிவுள்ள ஈறு நிபுணரிடம் போனேன். முப்பரிமாண ஸ்கேனில் தாடை நரம்புக்கு மேல் எவ்வளவு எலும்பு என்று அளந்து காட்டிய பிறகுதான் விலையே பேசினார். அப்பாடா என்றிருந்தது. வேலை முடிந்ததும் பிராண்ட், அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்னால் திருகின் மேலுள்ள பல் மூடி தளர்ந்து வேறு டாக்டரிடம் போனால், எந்தத் திருகுக்கு எந்தக் கருவி என்று அதைப் பார்த்தால் அவருக்குச் சுலபமாகத் தெரிந்துவிடும்.