'மலையாளி', 'பாண்டி' என்று கூப்பிட்டால்: வெளியூர் வேலைக்குப் போகும் குமரிப் பிள்ளைகளுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள் நான். நர்ஸாக சென்னையில் ஆறு வருஷம், திருவனந்தபுரத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். சென்னையில் என்னை 'மலையாளி' என்றார்கள். கேரள எல்லையான களியக்காவிளை தாண்டியதும் 'பாண்டி' ஆனேன். தமிழர்களை அங்கே மட்டமாகச் சொல்லும் சொல் அது. இப்போது எங்கள் ஊரிலிருந்து வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள், "அக்கா, அப்படிச் சொன்னா என்ன செய்யணும்?" என்று வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், சொல்கிறவர் எதற்காகச் சொல்கிறார் என்று பாருங்கள். சென்னையில் சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டின்போது பழக்கத்தில் "கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்று கேட்டுவிட்டேன். எதிரே இருந்த சீனியர், "ஐயையோ, மலையாளி வெள்ளம் கேக்குறா, எல்லாரும் காலைத் தூக்குங்க" என்றார். மேஜை முழுக்கச் சிரிப்பு. தண்ணீர் என் பக்கம் வரவே இல்லை, நானே எழுந்துபோய்ப் பிடித்துக் குடித்தேன். சிரிப்பு அடங்கியதும் பக்கத்தில் இருந்தவர், "உங்க ஊர்ல தண்ணிக்கு அப்படித்தான் சொல்வீங்களா?" என்று கேட்டார். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதில் கூடாது. தெரியாமல் கேட்கிறவருக்கு விளக்கம் சொல்லுங்கள். மட்டம் தட்டுகிறவரிடம் விளக்கம் வேண்டாம், நிறுத்தச் சொன்னால் போதும்.

விளக்கம் சொல்ல நம் ஊர்க்கதை தெரிந்திருக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாவும் இன்றைய தென் கேரளத்தோடு ஒன்றாகத் திருவிதாங்கூரில் இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சும்மா சேர்ந்துவிடவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்களைப் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. அப்புறம் நம் பேச்சு. 'அவன் பறஞ்சான்' என்றால் அது மலையாளம் என்பார்கள். பறைதல் என்றால் சொல்லுதல் என்று தமிழ் அகராதியிலேயே இருக்கிறது. அதனால் யாருக்காகவும் உங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டாம். நோயாளிக்குப் புரிவதற்காக 'தண்ணீர்' என்று சொல்வது வேறு, வெட்கப்பட்டு மாற்றுவது வேறு.

இனி நிறுத்தச் சொல்வது. அந்த இடத்திலேயே, ஒரே வாக்கியத்தில், குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். திருவனந்தபுரத்தில் ஒரு நாள் டியூட்டி மாறும் நேரம். நான் அங்கேயே நிற்கிறேன். என் தலைக்கு மேலாகப் பார்த்து, "ஆ பாண்டியோடு பறஞ்ஞா மதி" (அந்தப் பாண்டிகிட்ட சொன்னா போதும்) என்றார் எனக்கு மேல் பொறுப்பில் இருந்த ஒரு சேச்சி. நான் மலையாளத்திலேயே, "எனிக்கொரு பேருண்டு சேச்சி, அது விளிச்சா மதி" (எனக்கொரு பேர் இருக்கு அக்கா, அதைச் சொல்லிக் கூப்பிட்டா போதும்) என்றேன். கை நடுங்கியது. மருந்துச் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். பிள்ளைகளை இந்த வாக்கியத்தை என் முன்னால் பத்துத் தடவை சொல்ல வைக்கிறேன். தேவைப்படும் நேரத்தில் நாக்கு புரளாது, மக்களே, முன்பே பழகியிருக்க வேண்டும். இன்னொன்று, கூடச் சேர்ந்து சிரித்து வைக்காதீர்கள். ஒரு தடவை சிரித்தால் அந்தப் பேரே நிலைத்துவிடும்.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. அதை நீங்கள் செய்ய வேண்டாம். "நாங்க பாண்டி இல்ல, திருவிதாங்கூர் ராஜாக்கள் இருந்த பத்மநாபபுரம் அரண்மனையே எங்க ஊர்லதான் இருக்கு" என்று பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரு தடவை அதைச் சொல்லும்போது திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். ஒன்றும் பேசவில்லை, டிபன் பாத்திரத்தை மூடிவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. என் மேல் விழுந்த வசையைத் தூக்கி அவள் மேல் போட்டிருக்கிறேன். பாண்டிய நாட்டிலிருந்து வந்த சொல் அது. மதுரைப் பக்கம் பிள்ளைக்கு ஆசையாக வைக்கிற பேர். சொல்லில் குறையில்லை, அதை வீசுகிறவர் மனதில்தான் குறை. அதே மாதிரி சென்னையில் "சீ, நான் மலையாளி இல்ல" என்று சொல்லாதீர்கள். விளவங்கோட்டில் தலைமுறை தலைமுறையாக வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் நம் அடுத்த வீட்டுக்காரர்கள். "ஊர் குமரி, தாய்மொழி தமிழ்" என்று சொல்லுங்கள், அவ்வளவு போதும்.

அதற்கும் அடங்காமல் தொடர்ந்தால், தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதிவைத்து, மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும்.

கடைசியாக, நம் வாய். போன வருஷம் எங்கள் வீட்டில் கான்கிரீட் வேலை நடந்தது. தம்பி ஒரு வேலைக்காரரை "ஏய் இந்தி" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் போய் ஊர், பேர் கேட்டேன். ஒடிசாவாம், தாய்மொழி ஒடியா. இந்தியை அவரும் வேலைக்கு வந்த இடத்தில்தான் கற்றுக்கொண்டாராம். ஒரு செங்கல் துண்டை எடுத்து, காய்ந்த சிமென்ட் தரையில் வட்ட வட்டமான எழுத்தில் தன் பேரை எழுதிக் காட்டினார். வேலைக்கு வருகிறவர் யாரானாலும் முதல் நாளே பேரைக் கேட்டுவிடுங்கள். மறுநாள் சாயா கொடுக்கும்போது தம்பி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். உச்சரிப்பு தப்பாக வந்தது. அவர் கிளாஸை வாங்கிக்கொண்டே இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார்.