‘டிராக் அண்ட் ஃபீல்டு’ ஆர்கேட் எந்திரம்: சேகரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரத்துக்காகக் கொனாமி நிறுவனம் 1983-இல் உருவாக்கிய இந்தத் தடகள வீடியோ விளையாட்டு ஜப்பானில் ‘ஹைப்பர் ஒலிம்பிக்’ என்றும், சென்சுரி நிறுவனம் விநியோகித்த அமெரிக்காவில் ‘டிராக் அண்ட் ஃபீல்டு’ என்றும் பெயர் பெற்றது. 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 110 மீட்டர் தடை ஓட்டம், சங்கிலிக் குண்டு எறிதல், உயரம் தாண்டுதல் ஆகிய ஆறு போட்டிகளுக்கும் ஓர் ஆட்டக்காரருக்கு மூன்றே பட்டன்கள்: ஓடுவதற்கு இரண்டு, தாண்டவோ எறியவோ ஒன்று. இதை வாங்கிச் சீரமைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, ஒரு போட்டி எந்திரத்தை வெறும் காட்சிப் பொருளாகக் கருதுவதால் வருகின்றன.

பட்டன்கள் பதிந்த கண்ட்ரோல் பேனலைக் கூர்ந்து பார்க்காமல் விலை பேசுவது அவற்றுள் முதன்மையானது. திரையில் ஓடுபவரின் வேகம், இரண்டு ஓட்டப் பட்டன்களையும் எவ்வளவு விரைவாக மாற்றி மாற்றித் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் விரலை மட்டும் நம்பாமல் பென்சிலையும் இரும்பு ஸ்கேலையும் கொண்டுவந்தார்கள். ஸ்கேலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை அதிரவிட்டால், எந்த விரலும் எட்ட முடியாத வேகத்தில் பட்டன் அடிபடும். அந்த அடிகளின் தழும்புகள் இன்றும் பேனலில் தெரியும். பட்டனைச் சுற்றியுள்ள அச்சுப் படலம் தேய்ந்து அடியிலுள்ள உலோகம் தெரிகிறதா, துளை பெரிதாகிப் பட்டன் ஆடுகிறதா, பின்னாளில் யாரோ போட்ட கூடுதல் துளைகள் உள்ளனவா என்று டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும்.

தேய்ந்த பட்டன்களை மாற்றும்போது, பளபளப்பாக இருந்தால் போதும் என்று கையில் கிடைத்ததை மாட்டிவிடுவது இன்னும் பெரிய தவறு. உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு இயங்கும் சுவிட்சும், ‘டிக்’ என்ற ஒலியுடன் இயங்கும் மைக்ரோசுவிட்சும் விரலுக்கு ஒரே உணர்வைத் தருவதில்லை; அழுத்த வேண்டிய ஆழமும், பட்டன் திரும்பி எழும் வேகமும் மாறும்போது தட்டும் தாளமே கெட்டுவிடும். கேபினெட்டில், அதாவது எந்திரத்தின் பெட்டியில், முதலில் எந்த வகை இருந்ததோ அதையே தேடிப் பொருத்த வேண்டும். இரண்டு ஓட்டப் பட்டன்களில் ஒன்று பழுதானாலும் இரண்டையும் ஒரே ஜோடியாக மாற்றுவதே முறை. தகடு வகையாக இருந்தால், தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்து அவற்றின் மேற்பூச்சை அழித்துவிடக் கூடாது.

விளையாட்டை இயக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டைப் பொறுத்தவரை, ‘இயங்குகிறது’ என்ற விற்பவரின் சொல் போதாது. அசல் போர்டில் இருப்பது ‘கொனாமி-1’ என்ற தனிப்பயன் சிப். அடிப்படையில் இது 6809 என்ற செயலியின் வகைதான் என்றாலும், நிரலின் கட்டளைக் குறியீடுகள் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், சாதாரண 6809 சிப்பை அந்த இடத்தில் செருகினால் விளையாட்டு தொடங்கவே தொடங்காது. அந்தச் சிப் இல்லாத போர்டை ‘சிறிய வேலைதான்’ என்று நம்பி வாங்கியவர்கள், சிப்பைத் தேடியே களைத்துப்போவார்கள். போலி போர்டுகளும் ஏராளமாகப் புழங்குகின்றன. அறிவிப்பாளரின் குரலுக்கென அசல் போர்டில் தனிப் பேச்சுச் சிப் உண்டு. அதற்குப் பதிலாகக் கூடுதலான ஒரு சிறு போர்டைக் கொண்ட போலிகள் உள்ளன. எனவே போர்டின் படத்தைக் கேட்டு வாங்கி, சிப்புகளின் மேலுள்ள எழுத்துகளைப் படித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஆவலோடு பிளக்கைச் செருகிவிடக் கூடாது. சாதனைகளைச் சேமிக்கும் நினைவகத்துக்கு மின்சாரம் தரும் பேட்டரி பழையதாகிக் கசிந்திருந்தால், அந்தத் திரவம் போர்டின் செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பிறகு, போர்டை இணைக்காமலேயே மின்வழங்கியில் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பிக்சர் டியூப், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தாங்கியிருக்கக்கூடும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது. அதற்காக டியூபைத் தூக்கிவிட்டு எல்.சி.டி. திரையைப் பொருத்துவதும் நல்ல தீர்வல்ல. நீளம் தாண்டுதலிலும் ஈட்டி எறிதலிலும் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்பதே கோணத்தைத் தீர்மானிப்பதால், திரையில் ஏற்படும் நொடிப்பொழுதுத் தாமதமும் ஆட்டத்தைக் கெடுக்கும்.

1984-இல் வந்த தொடர்ச்சியான ‘ஹைப்பர் ஸ்போர்ட்ஸ்’ விளையாட்டும் இதே மூன்று பட்டன் முறையைக் கொண்டதால், கேபினெட்டுகள் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றப்பட்டன. மேலே ஒளிரும் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஏமாறாமல், பக்கவாட்டு ஓவியத்தையும் பின்புறம் உள்ள வரிசை எண் தகட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, சேகரிப்பாளர்களிடையே வீண் சண்டைகளை உண்டாக்கும் ஒரு தவறு: விளையாட்டின் விதிகளை மாற்றப் போர்டில் உள்ள சிறு சுவிட்சுகளான டிப் சுவிட்ச் அமைப்புகளைக் குறித்துக்கொள்ளாமல் புள்ளிகளை ஒப்பிடுவது. கடின அளவு நான்கு நிலைகளில் மாறும். கடைசிப் போட்டியோடு ஆட்டம் முடிய வேண்டுமா, தொடர வேண்டுமா என்பதற்குத் தனி அமைப்பு உண்டு. எந்திரத்தை மீளத் தொடங்கும்போது அதில் பதிவான ‘உலக சாதனை’களை அழிக்கவும் காக்கவும் இன்னொன்று இருக்கிறது. சுத்தம் செய்யும்போது இவற்றில் ஒன்று கைதவறி நகர்ந்தாலும், முந்தைய உரிமையாளர் காலத்துச் சாதனைப் பட்டியல் மறைந்துபோகலாம். ஆகவே எதையும் தொடுவதற்கு முன் டிப் சுவிட்சுகளைப் படமெடுத்து, திரையிலுள்ள பட்டியலையும் படமெடுத்து வைக்க வேண்டும். புள்ளியை வெளியிடும்போது எந்தக் கடின அளவில் ஆடினோம், விரலால் தட்டினோமா ஸ்கேலால் தட்டினோமா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.