அரிசி நூடுல்ஸ் உறையில் கவனிக்க வேண்டியவை

அரிசியில் இயல்பாகவே குளூட்டன் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள புரதம்) இல்லை என்றாலும், உறையின் முன்பக்கத்தில் 'அரிசி நூடுல்ஸ்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி, சீலியாக் நோய் (குளூட்டன் உண்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்கள் அதை வாங்கிவிடக் கூடாது. இழுவைத்தன்மைக்காகச் சில தயாரிப்புகளில் கோதுமை மாவு சேர்க்கப்படுவதுண்டு. ஆகவே பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலை முழுமையாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் சிக்கல் நூடுல்ஸில் அல்ல, உடன் வரும் மசாலாப் பொட்டலத்தில்தான் ஒளிந்திருக்கும். ஏனெனில் அதில் சேரும் சோயா சாஸ் வழக்கமாகக் கோதுமையைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. 'குளூட்டன் இல்லாதது' என்ற குறிப்புக்குச் சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸ் அனுமதிக்கும் உச்ச அளவு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். 'கோதுமை கையாளப்படும் ஆலையில் தயாரானது' என்ற சிறிய எழுத்து எச்சரிக்கையையும் பொருட்படுத்த வேண்டும்.

குளூட்டன் இல்லை என்பதால் கலோரி குறைந்துவிடாது. 100 கிராம் உலர்ந்த நூடுல்ஸில் ஏறத்தாழ 360 கலோரி இருக்கும். வெந்தபின் நீர் ஏறி எடை கூடுவதால், வெந்த நூடுல்ஸ் 100 கிராமில் ஏறக்குறைய 110 கலோரியே இருக்கும். எனவே, அட்டவணையில் உள்ள எண்கள் உலர்ந்த நிலைக்கா, வெந்த நிலைக்கா என்று பார்க்காமல் இரண்டு நிறுவனங்களின் பொருட்களை ஒப்பிடுவது வீண். சோடியம் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும்.