புதுச்சேரியிலிருந்து பெர்கன்: இரண்டு நாள் திட்டம்

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். பெர்கன் இருப்பது நார்வேயில்; பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் அங்கே போக விசா வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) கட்டாயம். நம் ஊரில் ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும், அதனால் சேர்ந்தாற்போல டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளாவது முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். பயண மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பாரிஸில் பத்து நாள், பெர்கனில் இரண்டு நாள் என்றால் விண்ணப்பம் பிரான்சுக்குத்தான்.

நார்வேயில் செலாவணி யூரோ அல்ல, குரோனே. கார்டே போதும், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் சொல்லி முன்பே திறந்து வையுங்கள். விமான நிலையத்திலிருந்து டிராமில் சுமார் 45 நிமிடத்தில் ஊர் நடுவே இறங்கலாம்.

மழைதான் பெரிய தொல்லை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையோடு விட்டுவிடும். அங்கே எந்த மாதமும் கொட்டும். காற்றில் குடை மடங்கிவிடும், தலைமூடி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது.

வானம் வெளுத்த உடனே மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஊரை ஒட்டிய ஃபுளோயன் மலைக்குப் போகும் ரயிலில் ஏறுங்கள். 320 மீட்டர் உயரம். மேகம் இறங்கிவிட்டால் மேலே வெறும் வெள்ளைதான் தெரியும். சொகுசுக் கப்பல் வந்த நாளில் காலையிலேயே போனால் வரிசை குறைவு. ஏற ஒருவழி டிக்கெட் போதும், இறக்கம் நடக்கத் தோதானது.

பழைய துறைமுகக் கரையான பிரிக்கனின் மரவீடுகள் 1702 தீக்குப் பின் எழுந்தவை. முகப்போடு திரும்பாமல் இடையிலுள்ள சந்துகளுக்குள் நுழையுங்கள். ஈரப் பலகை வழுக்கும், வழவழப்பான அடியுள்ள செருப்பெல்லாம் சரிவராது.

ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ரொட்டி, தயிரைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.